இலக்கமில்லாத காம்பரா

தெல்தோட்டைப் பக்கம் லயத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் காம்பராவுக்கு இலக்கமே கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போதாவது கைக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதமொன்று திகதி கடந்த பிறகே வந்தது.

பேராதனையில் பொறியியல் படித்தபோது, தனித்தனிக் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் எனக்குச் சட்டெனப் பிடிபட்டது இதனால்தான்.

கொம்பைலர் நிரலை ஒப்ஜெக்ட் கோப்பாக்கும்போது, வேறு கோப்பிலுள்ள ஃபங்ஷன் எங்கே உட்காரும் என்று அதற்குத் தெரியாது. இன்டெல் கணினியில் பிரித்துப் பார்த்தால் 'ஈ8' என்ற அழைப்புக் கட்டளை, பின்னால் நான்கு சைபர் பைட். 'இங்கே நிரப்பவும்' என்று கூடவே ஒரு குறிப்பு. அதுதான் ரீலொக்கேஷன்.

லிங்கர் இரண்டைப் பார்க்கும். பெயருக்குரியவர் நம் ஆளா, வெளி நூலகமா? கேட்பது முழு முகவரியா, தூரமா? நம் ஆள், தூரம் என்றால் சுலபம்: 'இங்கிருந்து நாலாவது காம்பரா'. நிரல் நினைவகத்தில் எங்கே ஏறினாலும் அது மாறாது. (தூரத்தை அடுத்த கட்டளையிலிருந்து எண்ணவேண்டும். அந்த 4 பைட்டை மறந்து ஓர் இரவு விழித்திருக்கிறேன்.) முழு முகவரி என்றால், ஏறிய இடத்துக்கேற்பத் திருத்தும்படி, நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடருக்குச் சீட்டு எழுதவேண்டிவரும்.

வெளி நூலகத்து 'பிரிண்ட்எஃப்' என்றால் ஆபீஸ் வழிதான். அழைப்பு பி.எல்.டி. என்ற சின்ன வாசலுக்குப் போகும், அது ஜி.ஓ.டி. பதிவேட்டைப் பார்த்து அனுப்பும். பதிவேட்டை நிரப்புவது லோடர். இப்போது பல லினக்ஸ் நிரல்களில், ஓடத் தொடங்குமுன்பே அதை முழுதாக நிரப்பிப் பூட்டிவிடுகிறார்கள். எங்கள் ஆபீஸ் பதிவேடு கடைசிவரை திறந்தேதான் கிடந்தது.