லட்சுமி எங்கே போனாள்?

ரயில்வே என்ஜினீயரிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டரில் கரை கண்டவன் அல்ல. ஆனாலும் சென்ற தீபாவளிக்கு முன் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டில் நடந்ததைச் சொல்லி வைத்தால், நம் சங்கத்துக் குடும்பங்களில் யாருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறேன்.

என் மனைவி வீட்டிலேயே முறுக்கு, அதிரசம், வடகம் செய்து கொடுத்து வருகிறாள். உங்களில் பலர் வாங்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். ஆர்டர் எழுத முன்பு நோட்டுப் புத்தகம், இப்போது கம்ப்யூட்டர். தொழில் விளங்கட்டும் என்று ஈமெயில் முகவரியை ‘தனலட்சுமி’ என்று ஆரம்பித்து வைத்திருந்தாள். புது மெஷினில் அதைக் கொடுத்தே அவளுக்கு அக்கவுண்ட் திறந்தோம்.

ஒரு நாள் ‘யூசர்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து பார்த்தவள், “ஏங்க, தனம் மட்டும் இருக்கு, லட்சுமி எங்கே போனா?” என்று கேட்டாள். விஷயம் இதுதான். விண்டோஸில் ஈமெயில் கொடுத்து அக்கவுண்ட் திறந்தால், முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்துகளை எடுத்து ஹோம் ஃபோல்டருக்குப் பெயர் வைத்துவிடும். ஐந்து எழுத்தில் ‘தன’ முடிந்துவிட்டது. லட்சுமி வாசலுக்கு வெளியே! பண்டிகை நேரத்தில் அது அவளுக்கு உறுத்தியது. “ரெண்டு நிமிஷ வேலை, மாத்திடறேன்” என்றேன்.

அவள் அக்கவுண்டை மூடிவிட்டு, என் அக்கவுண்டில் நுழைந்து, அந்த ஃபோல்டரின் பெயரை முழுசாக மாற்றினேன். மறுநாள் காலை அவள் உள்ளே நுழைந்தால் திரை வெறிச்சென்று கிடந்தது. அக்கவுண்டில் நுழைய முடியவில்லை என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதைப் படிக்காமல் மூடச் சொன்னவன் நான்தான். பழைய கணக்கை அப்புறம் தேடலாம் என்று, அன்று போனில் வந்த ஆர்டர்களையெல்லாம் மாலை வரை டைப் செய்தாள். மறுநாள் திறந்தால் ஒன்றுகூட இல்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். “மாமா, நீங்க மாத்தினது போர்டை மட்டும்தான்” என்றான். ஃபோல்டர் இருக்கும் விலாசம் ரெஜிஸ்ட்ரியில் ‘புரொஃபைல் லிஸ்ட்’ என்ற பகுதியில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. மெஷின் அந்தப் பழைய விலாசத்துக்குப் போய், வீட்டைக் காணாமல், தற்காலிகமாக ஓர் இடம் கொடுக்கிறது. அங்கே வைப்பதெல்லாம் வெளியேறியதும் அழிந்துவிடும்.

ரயில்வேக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? 1996-ல் மெட்ராஸ் சென்னையானது. 2019-ல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வந்தது. ஆனால் ஸ்டேஷன் கோடு இன்றும் எம்.ஏ.எஸ். தான். கோழிக்கோட்டுக்கு சி.எல்.டி., கொல்லத்துக்கு க்யூ.எல்.என். போர்டு மாறும், உள்ளே ஆயிரம் இடத்தில் எழுதியிருக்கும் கோடில் கை வைக்க மாட்டார்கள்.

நல்ல வேளை, பழைய கணக்குகள் பெயர் மாற்றிய ஃபோல்டரில் பத்திரமாக இருந்தன. மருமகன் சொல்லச் சொல்ல, பழைய பெயரையே திரும்ப வைத்து ரெஜிஸ்ட்ரியையும் சரி செய்தோம். அந்த ஒரு நாள் ஆர்டர்கள் மட்டும் போனது போனதுதான். அவள் என்னைத் திட்டவில்லை. வந்த அழைப்புகளைப் பார்த்து வீடு வீடாகத் திரும்பக் கூப்பிட்டு, “மன்னிச்சுக்குங்க, எத்தனை கிலோ சொன்னீங்க?” என்று கேட்டாள். சொன்ன நாளில் சொன்ன பலகாரம் போய்ச் சேரும் என்ற பெயர்தான் அவள் முதல். பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்தேன். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான் கற்றது இதுதான். திரையில் தெரியும் பெயர் மட்டும் சரியாக வேண்டுமானால் அக்கவுண்ட் பெயரை மாற்றினால் போதும். ஃபோல்டரைத் தொட வேண்டாம். ஃபோல்டர் பெயரும் சரியாக வேண்டுமானால், ஈமெயில் இல்லாமல் ஒரு லோக்கல் அக்கவுண்டைச் சரியான பெயரில் புதிதாகத் திறந்து, கோப்புகளையும் படங்களையும் அதற்குள் நகல் எடுங்கள். பென் டிரைவில் இன்னொரு நகல் வையுங்கள். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது விவரம் தெரிந்தவர் வேலை.

எங்கள் ஊர் அரண்மனையை 1555-ல் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். 1663-ல் டச்சுக்காரர் பழுது பார்த்ததால் அது ‘டச்சு அரண்மனை’ ஆயிற்று. பெயரைத் திருத்துகிறேன் என்று இதுவரை யாரும் அதன் சுவரை இடிக்கவில்லை.

தீபாவளி முடிந்து, புது அக்கவுண்டில் லட்சுமி முழுசாக வந்து சேர்ந்துவிட்டாள். ஆனால் ஆர்டர் மட்டும் இப்போதும் முதலில் நோட்டுப் புத்தகத்தில்தான் ஏறுகிறது. அதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.