வாதிடக் கற்றால் ஆங்கிலம் வரும்

1995 நவம்பரில் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் கூடிய விஞ்ஞானிகளும் அரசுப் பிரதிநிதிகளும் ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்துக்காக மல்லுக்கட்டினார்கள். பூமி சூடாவதில் மனிதருக்குப் பங்கு உண்டு என்பதை எவ்வளவு அழுத்திச் சொல்வது என்பதில்தான் சிக்கல். எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடுகள் சில, வாக்கியத்தின் வேகத்தைக் குறைக்கப் பார்த்தன. சான்று இடம்கொடுக்கும் அளவுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று விஞ்ஞானிகள் நின்றார்கள். கடைசியில், சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்தால் மனிதரின் தாக்கம் கண்டறியக்கூடிய அளவில் இருப்பதாகத் தெரிகிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் ஏற்கப்பட்டது.

அந்தக் கூட்டம் காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யுடையது. அதன் அடுத்தடுத்த அறிக்கைகளில் அந்த வாக்கியம் வளர்ந்ததைப் பாருங்கள். 2001இல் ‘லைக்லி’ என்றார்கள். 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு என்று அதற்குப் பொருள் வரையறுத்திருந்தார்கள். 2007இல் அது ‘வெரி லைக்லி’ ஆயிற்று. 90 சதவீதத்துக்கு மேல். 2013இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’, 95க்கு மேல். 2021இல்தான் ‘அன்இக்விவோகல்’, அதாவது ஐயத்துக்கு இடமே இல்லை என்று எழுதினார்கள். சான்று கூடக் கூட வாக்கியம் கெட்டிப்பட்டது. அவசரப்பட்டு முன்னால் ஓடவுமில்லை, பயந்து பின்தங்கவுமில்லை.

கல்விப்புல ஆங்கிலம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. ஆய்வுக் கட்டுரை, செமினார், திட்ட அறிக்கை, வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாவற்றிலும் கேட்கப்படுவது இந்தத் திறன்தான்: என்ன சொல்கிறோம், எதை வைத்துச் சொல்கிறோம், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்பதைப் பிசகாமல் காட்டுவது. நம் ஊரில் ஆங்கிலப் பயிற்சி என்றாலே உச்சரிப்பு, இலக்கணம், தயக்கமில்லாமல் பேசுவது என்று நின்றுவிடுகிறது. அவை தேவைதான். ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சரளமாகப் பேசப் பழகியவரும் கல்லூரிப் பாடநூலின் ஒரு பக்கத்தைப் படித்து, அதை மறுத்து அரைப் பக்கம் எழுதச் சொன்னால் திணறுவதைப் பார்க்கிறோம்.

இந்த இரண்டும் வெவ்வேறு திறன்கள் என்று 1979இலேயே பிரித்துக் காட்டியவர் கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ். அந்த நாட்டில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளில் விளையாட்டுத் திடலில் ஆங்கிலம் பேசிவிடுகிறார்கள்; வகுப்பறை ஆங்கிலத்தில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பது அவருடைய கண்டறிதல். ஆங்கிலச் சூழலுக்குள்ளேயே வாழும் பிள்ளைகளின் கதை இது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, ஒரே கோடை விடுமுறையில் ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளையின் சுமை என்னவென்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. கதவு திறந்துவிட்டது, உள்ளே போன பிள்ளைக்கு வகுப்பறையின் மொழியை யார் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இதற்கு உலகப் பிரச்சினைகளைப் பேசுவது எப்படி வழியாகும்? முதல் காரணம் சொற்கள். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவ்ரில் காக்ஸ்ஹெட், 2000ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்களைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என எந்தத் துறை நூலிலும் வருகிற பொதுவான கல்விச் சொற்கள் அவை. ஏறத்தாழ 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்வி எழுத்துகளை அலசிப் பார்த்ததில், பத்தில் ஒரு சொல் இந்தப் பட்டியலுக்குள் வந்தது. ‘டேட்டா’, ‘பாலிசி’, ‘ஃபாக்டர்’, ‘ரிசோர்ஸ்’, ‘டிஸ்ட்ரிப்யூட்’, ‘சஸ்டெய்ன்’ எல்லாம் அதில் உண்டு. தண்ணீர், உணவு, இடப்பெயர்வு, தொற்றுநோய் என்று எதைப் பேசினாலும் இவை தாமாக வந்து விழும். பட்டியலை மனப்பாடம் செய்தவருக்குச் சொல்லின் பொருள் தெரியும்; அது எந்தச் சொல்லோடு சேரும், எந்த இடத்தில் நிற்கும் என்பது புழங்கினால்தான் தெரியும்.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. இந்தப் பிரச்சினைகளில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. கருத்து வேறுபாடு இல்லாத இடத்தில் சான்று தேவைப்படாது. சான்று தேவைப்படாத இடத்தில் கல்விப்புல மொழிக்கு வேலையே கிடையாது. ‘என் அபிமான சுற்றுலாத் தலம்’ என்று பேசச் சொன்னால் எந்த மாணவரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். கேள்வி: ஒரு பெருநகரம் தண்ணீரில்லாமல் தவிப்பதற்கு முதன்மைக் காரணம் மழைக்குறைவா, நிர்வாகமா? நால்வர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பு. ஒருவருக்கு 2018 கேப் டவுன்: மூன்று ஆண்டுத் தொடர் வறட்சி, ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்ற கட்டுப்பாடு, குழாய்களை மூடும் ‘டே ஸீரோ’ அறிவிப்பு, கடைசியில் அந்த நாள் வராமலே தப்பித்தது. இன்னொருவருக்கு 2019 சென்னை: முந்தைய ஆண்டு பொய்த்த வடகிழக்குப் பருவமழை, வறண்டுபோன நான்கு ஏரிகள், ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 லட்சம் லிட்டர் சுமந்து வந்த ரயில். மூன்றாமவருக்கு 2014–15 சாவ் பாலோ: கான்டரெய்ரா நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் எடுப்புக் குழாய்களுக்கும் கீழே இறங்கி, அடியில் கிடந்ததைப் பம்பு வைத்து இறைத்த கதை. நான்காமவருக்குச் சிங்கப்பூர்: கழிவுநீரைச் சுத்திகரித்து 2003இல் தொடங்கிய ‘நியூவாட்டர்’, மலேசியாவின் ஜோகூரிலிருந்து 2061வரை தண்ணீர் பெறும் ஒப்பந்தம்.

ஒருவர் குறிப்பை மற்றவர் பார்க்கக் கூடாது. வாயால் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும். இதற்கு ஜிக்சா முறை என்று பெயர். வெள்ளை, கறுப்பின, ஹிஸ்பானிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து உரசிக்கொண்டிருந்த 1971இல், டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் வகுத்தது. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தேவை என்பதால் யாரையும் ஒதுக்க முடியாது. நம் கேம்பஸ் இன்டர்வியூ குரூப் டிஸ்கஷனில் சத்தமாகப் பேசுபவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதற்கு இது நேர் எதிர். தயங்கும் பிள்ளைக்கும் சொல்வதற்கு ஒரு பக்கம் கையில் இருக்கிறது.

இப்போது சென்னைக் குறிப்பை வைத்திருப்பவர், “ஏரிகளைப் பராமரிக்காததால்தான் பஞ்சம் வந்தது” என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேப் டவுன்காரர் குறுக்கிடுகிறார்: “கேப் டவுனில் மூன்று வருடம் மழையே சரியில்லை. நிர்வாகம் நன்றாக இருந்திருந்தாலும் கஷ்டப்பட்டிருப்பார்களே?” சென்னைக்காரர் தன் வாக்கியத்தை மாற்றியாக வேண்டும். “பருவமழை பொய்த்ததும் ஒரு காரணம், ஆனால் ஏரிகள் பராமரிக்கப்பட்டிருந்தால் பாதிப்பு குறைந்திருக்கக்கூடும்.” ‘மே’, ‘மைட்’, ‘கான்ட்ரிப்யூட்டட் டு’ போன்ற சொற்கள் அங்கே பிறக்கின்றன. இலக்கண நூலில் துணைவினை என்று படித்தபோது எதற்கென்று புரியாதது, நண்பன் கேள்வி கேட்டபோது புரிகிறது.

பேசிய பிறகு எழுத்து. “மழை குறைந்தது, அதனால் ஏரி வறண்டது” என்று பேச்சில் சொன்னதை, “மழைக்குறைவு ஏரிகளின் வறட்சிக்கு வழிவகுத்தது” என்று எழுதும்போது இரண்டு நிகழ்வுகள் இரண்டு பெயர்ச்சொற்களாகி ஒரே வாக்கியத்துக்குள் அடங்குகின்றன. கல்விப்புல ஆங்கிலம் முழுக்க இந்த வேலைதான் நடக்கிறது. தமிழில் ஒருமுறை இப்படிச் செய்து காட்டிவிட்டால், ஆங்கிலப் பாடநூலின் நீண்ட வாக்கியம் ஏன் அப்படி இருக்கிறது என்பது பாதி விளங்கிவிடும். எழுதாமல் பேச்சோடு நிறுத்துவது ஆபத்து. கனடாவில் பிரெஞ்சு வழியில் பல ஆண்டுகள் படித்த பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொண்டும் பிழையில்லாமல் பேசவோ எழுதவோ முடியாமலிருந்ததைக் கண்ட மொழிக்கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன், 1985இல் அதற்கு ஒரு காரணம் சொன்னார்: துல்லியமாகச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் வைக்கப்படவில்லை.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ‘உலக வெப்பமயமாதல்’ என்று மொட்டையாகத் தலைப்புக் கொடுத்தால் மரம் நடுவோம், பூமியைக் காப்போம் என்ற கோஷம்தான் வரும். கேள்வி குறுகலாக, இரண்டு பக்கமும் ஆள் சேரும்படி இருக்க வேண்டும். அடுத்த தீங்கு, பயிற்சி மையங்கள் கொடுக்கும் அச்சு வாக்கியங்கள். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் இரண்டாம் எழுத்துப் பகுதியில் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்களில் ஒரு வாதத்தை எழுத வேண்டும். இந்த நவீன உலகில் என்று தொடங்கி நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு என்று முடிக்கும் மனப்பாடம் கேள்விக்குப் பதிலாகாது. மதிப்பெண்ணில் கால் பங்கு, கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேராகப் பதில் சொன்னீர்கள் என்பதற்கே.

‘வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம்’ என்ற வழக்கத்தைக் கைவிட்டால்தான் இது நடக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். ஒரு மொழியில் வளர்ந்த வாதத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பது கம்மின்ஸின் இன்னொரு முக்கியமான கருத்து. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துச் சொல்லி மறுக்கத் தெரியும். முதல் பத்து நிமிடம் தமிழில் விவாதிக்கட்டும். காரணமும் சான்றும் கையில் வந்த பிறகு ஆங்கிலத்துக்கு மாறட்டும். யோசனையையும் மொழியையும் ஒரே நேரத்தில் தேடும் அவதி அப்போது குறையும்.

வகுப்பு கிடைக்காதவர்கள் நண்பர்கள் மூன்று பேரோடு தொடங்கலாம். ஒரே செய்தியைப் பற்றி ஆங்கில நாளிதழ்கள் இரண்டின் தலையங்கங்களைப் படியுங்கள். எது தகவல், எது கருத்து என்று பிரித்துக் கோடிடுங்கள். பேசுங்கள். பிறகு 150 சொல்லில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துங்கள், ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் “இதற்கு என்ன சான்று?” என்று மட்டும் கேளுங்கள். கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதலாண்டு ஆங்கிலப் பாடவேளையில் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தை இந்த விவாதத்துக்கு ஒதுக்குங்கள். நான்கு பக்கக் குறிப்பும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளும் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.