ஆமைக்குட்டி மலிவுதான், ஆமை அல்ல

கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை வாங்கப் போறவர் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். விலையெல்லாம் அப்புறம்தான், அதுவும் துண்டுக்குள்ள கைவிட்டு. அதே மனுசர் கோயமுத்தூர்ல மீன்தொட்டிக் கடைக்குப் போனால் கேட்பது ஒன்றுதான்: "ஜோடியா எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"

அங்கே விற்பது பெரும்பாலும் சிவப்புக்காது ஆமை. பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப்பகுதி. உள்ளங்கையில் அடங்கும் குட்டி, வளர்ந்தால் ஓடு மட்டுமே 25 செ.மீ. வரும், 20, 30 வருசம் வாழும். அந்த அளவுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் தொட்டி வேணும். கூடவே ஃபில்டர், ஏறிக் காய ஒரு மேடு, புற ஊதா-பி விளக்கு. இந்த விளக்கைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. அந்தக் கதிர் இல்லாட்டி வைட்டமின் டி3 உருவாகாது, தின்ன கால்சியம் உடம்பில் சேராது, ஓடு மெத்துனு ஆயிடும். ஜன்னலோரம் வெச்சாப் போதாதான்னா, போதாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துடும்.

அதனால குட்டியையும் பல்லைப் பிடிச்சுப் பாருங்க. கண் வீங்கி மூடியிருக்கா? ஓடு அமுங்குதா? ஒருபக்கம் சாய்ஞ்சு மிதந்தால் நுரையீரல் கோளாறா இருக்கலாம். அதை இலவசமாத் தந்தாலும் வேண்டாம்.

"காட்டுல பிடிச்சது, சும்மா வெச்சுக்கங்க"ன்னு யாராவது நட்சத்திர ஆமையை நீட்டினால், வாங்குறதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

வளர்த்துச் சலிச்ச சிவப்புக்காது ஆமையைச் சிங்காநல்லூர் குளத்துல விட்டுடலாம்னு நினைக்காதீங்க. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் அதுவும் ஒண்ணு. நம்ம குளத்து ஆமையோட தீனியும் வெயில் காயற இடமும் அதுக்குப் போயிடும்.