பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த சிம்?

செப்டம்பர் சேர்க்கைக்குப் பிரிட்டன் கிளம்பும் வீடுகளில் கடைசி வாரத்துக் குழப்பங்களில் சிம் கார்டும் ஒன்று. இங்கிருந்தே வாங்கிக் கொடுத்து அனுப்புவதா, இறங்கியதும் விமான நிலையத்தில் வாங்கச் சொல்வதா, புதுப் போனோடு சேர்த்து மாதத் தவணையில் எடுத்தால் மிச்சமாகுமா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எந்தக் கம்பெனி என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருக்கும். எத்தனை மாதத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. பணம் பெரிதாகக் கரைவது அங்கேதான்.

பிரிட்டனில் முதுகலைப் படிப்பு பெரும்பாலும் ஒரே ஆண்டு. பெரிய கம்பெனிகள் போனோடு விற்கும் ஒப்பந்தம் 24 மாதம், சிலவற்றில் 36 மாதம். படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டாலும் ஒப்பந்தம் விடாது. நடுவில் விலகினால் மீதி மாதங்களுக்கான தொகையைக் கேட்பார்கள். மாதம் 40 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுக்கு 960 பவுண்ட். ஒரு பவுண்ட் 110 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் அது ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். ஊரில் வாங்கிய போனையே கொண்டுபோய், மாதம் 8 பவுண்டுக்கு சிம் மட்டும் எடுத்தால் அதே இரண்டு ஆண்டுக்கு 192 பவுண்ட்தான் ஆகும். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் பாடம் நடக்கும் மாதங்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 21 வயதானவருக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ட் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 40 பவுண்ட் பில் என்பது சூப்பர் மார்க்கெட்டில் மூன்றேகால் மணி நேரம் நின்று சம்பாதித்த பணம். அதை ஒவ்வொரு மாதமும் போனுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் எந்த மாணவருக்கும் இல்லை.

புதிதாகப் போனவர் விரும்பினாலும் ஒப்பந்தம் எளிதில் கிடைக்காது என்பது வேறு. கம்பெனி முதலில் கடன் வரலாற்றைப் பார்க்கும். போன வாரம் வந்திறங்கியவருக்கு அப்படி ஒரு வரலாறே இருக்காது. முன்பணம் கேட்பார்கள், அல்லது விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே, 30 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சிம் திட்டமே முதல் ஆண்டுக்குச் சரி. பிடிக்கவில்லையா, விலையை ஏற்றிவிட்டார்களா, அடுத்த மாதம் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். ப்ரீபெய்டு சிம் வாங்க அங்கே அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை.

அடுத்தது பெயர்க் குழப்பம். கடைக்குப் போனால் பத்து இருபது பெயர்களில் சிம் தொங்கும். ஆனால் நாடு முழுக்க டவர் நட்டு வைத்திருப்பவை ஈஈ, ஓ2, வோடஃபோன், த்ரீ என்ற நான்கு நெட்வொர்க்குகள்தான். இதில் வோடஃபோனும் த்ரீயும் 2025 மே மாத முடிவில் ஒரே கம்பெனியாக இணைந்துவிட்டன. மற்றவர்கள் இவர்களிடம் மொத்தமாக நிமிடங்களும் டேட்டாவும் வாங்கிச் சில்லறையில் விற்பவர்கள். கிஃப்காஃப், டெஸ்கோ மொபைல் இரண்டும் ஓ2 டவரில் ஓடுகின்றன. வாக்ஸி, லெபாரா எடுத்தால் கிடைப்பது வோடஃபோன் சிக்னல். ஸ்மார்ட்டி, ஐடி மொபைல் என்றால் த்ரீ. டவர் செலவும் பெரிய ஷோரூம்களும் இல்லாததால் இவர்களால் விலையைக் குறைக்க முடிகிறது. கிஃப்காஃப் ஓ2-வுக்கும், வாக்ஸி வோடஃபோனுக்கும், ஸ்மார்ட்டி த்ரீக்கும் சொந்தம். தாய்க் கம்பெனியே தன் டவரை வேறு பெயரில் மலிவாக விற்கிறது. பெரிய பெயருக்காகக் கூடுதலாகக் கொடுப்பதற்கு மாணவருக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சில்லறை வியாபாரத்தில் தமிழர்களின் பங்கு பெரிது. லெபாராவை 2001-இல் தொடங்கிய மூவரும் இலங்கைத் தமிழர்கள். லைகா மொபைலை 2006-இல் தொடங்கிய அல்லிராஜா சுபாஸ்கரனும் இலங்கைத் தமிழரே. ‘கத்தி’, ‘பொன்னியின் செல்வன்’ படங்களைத் தயாரித்த லைகாவின் முதல் தொழில் இதுதான். ஊரை விட்டு வந்தவர்கள் அம்மாவோடு பேசக் காலிங் கார்டு சுரண்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் வெளிநாட்டு அழைப்பை மலிவாக்கி வளர்ந்தார்கள். இன்றும் இந்த இரண்டின் பல திட்டங்களில் இந்தியாவுக்குப் பேச நிமிடங்கள் சேர்ந்தே வருகின்றன. ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கத்துத் தமிழ்க் கடைகளில் மளிகையோடு டாப்-அப்பும் கிடைக்கும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இந்திய நிமிடங்கள் எதற்கு என்று தோன்றலாம். பட்டன் போன் மட்டும் வைத்திருக்கும் பாட்டி ஒரு காரணம். வங்கி இன்னொரு காரணம். கல்விக்கடன் விஷயமாக வங்கியை அழைக்க வேண்டிய நாள் கட்டாயம் வரும். நம் 1800 இலவச எண்கள் பொதுவாக வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. வங்கியின் சாதாரண எண்ணைத்தான் அழைக்க வேண்டும். இந்திய நிமிடம் இல்லாத திட்டத்தில் அந்த ஒரு அழைப்பே மாத பில்லைவிட அதிகமாகிவிடக்கூடும். அழைப்பைக் காத்திருப்பில் போட்டுப் பாட்டுக் கேட்க வைக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டணம் ஓடும்.

டவர் யாருடையது என்று தெரிந்துகொண்டால்தான் அடுத்த வேலையைச் செய்ய முடியும். அங்கே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம், எந்த இடத்தில் எந்த நெட்வொர்க் எப்படி என்று காட்டும் வரைபடத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தங்கப்போகும் விடுதியின் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் போதும். நம் ஊர் பின்கோடு ஒரு பெரிய வட்டாரத்தையே குறிக்கும், அங்கே ஒரு குறியீட்டுக்குள் சராசரியாகப் பதினைந்து முகவரிகள்தான். ஆகவே அந்தத் தெருவுக்கே விடை கிடைக்கும். லண்டனில் இருக்கும் அண்ணன் நன்றாக எடுக்கிறது என்று சொன்ன சிம், டண்டீயில் தங்கும் தங்கைக்கு எடுக்காமல் போகலாம். வரைபடத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது, சென்னையில் இருந்தே பார்த்துவிடலாம்.

கொண்டுபோகும் போனையும் ஒருமுறை சோதித்துவிட வேண்டும். பலருக்கும் தெரியாமல் சிக்கல் வருவது இதில்தான். பிரிட்டனில் 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். வோடஃபோனும் ஈஈயும் 2024 தொடக்கத்தில் முடித்தன, மற்றவை அதன் பின் தொடர்ந்தன. இப்போது குரல் அழைப்பு 4ஜி வழியாகப் போக வேண்டும். அதற்கு வோல்ட்டி என்ற வசதி போனில் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் குறிப்பிட்ட நெட்வொர்க்கில் அந்த மாடலுக்கு அது திறந்திருக்கவும் வேண்டும். இந்தியச் சந்தைக்கென்று வந்த சில மாடல்களில் இங்கே ஜியோவில் அருமையாக வேலை செய்யும் வோல்ட்டி, அங்கே வேலை செய்யாது. அப்போது போன் பழைய 2ஜிக்கு இறங்கிப் பேசும். த்ரீக்குச் சொந்தமாக 2ஜி இருந்ததே இல்லை என்பதால், அதில் ஓடும் சிம்களில் டேட்டா வரும், அழைப்பு மட்டும் போகாது. அவசரத்துக்கு அழைக்கும்போது இது தெரியவருவது கொடுமை. கம்பெனியின் இணையதளத்தில் வோல்ட்டியும் வைஃபை காலிங்கும் எந்தெந்த மாடலுக்கு உண்டு என்ற பட்டியல் இருக்கும். நம் மாடல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிம் வாங்க வேண்டும்.

வைஃபை காலிங்கைச் சும்மா சேர்த்துச் சொல்லவில்லை. மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் பல, தடித்த செங்கல் சுவர் கொண்ட பழைய வீடுகள். தரைக்குக் கீழே இருக்கும் அறைதான் மலிவாகக் கிடைக்கும். அங்கே டவர் சிக்னல் எட்டாது. வைஃபை வழியே அழைப்பு வந்தால்தான் பகுதிநேர வேலைக்கு அழைக்கும் மேனேஜரின் போன் காதில் விழும்.

டேட்டா எவ்வளவு வேண்டும் என்பதில் நம் பிள்ளைகள் தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறார்கள். விடுதியில் வைஃபை உண்டு. பல்கலைக்கழகத்தில் எடுரோம் உண்டு. தன் கல்லூரிக் கணக்கை வைத்துக்கொண்டு மற்ற பல்கலைக்கழகங்களிலும் அதே வைஃபையில் நுழையலாம். பேருந்தில் ரீல்ஸ் பார்ப்பதையும் வழிகாட்டும் வரைபடத்தையும் சேர்த்தாலும் மாதம் 15, 20 ஜிபி தாராளம். அந்த அளவுக்கு 5 முதல் 10 பவுண்டுக்குள் திட்டங்கள் கிடைக்கின்றன. ‘முதல் மூன்று மாதம் பாதி விலை’ என்ற விளம்பரம் வந்தால் நான்காவது மாதத்து விலையைத் தேடிப் பாருங்கள். 084, 087 என்று தொடங்கும் எண்களை அழைத்தால் இலவச நிமிடத்தில் கழியாது, தனிக் கட்டணம் விழும். பில் முறையில் எடுப்பவர்கள் இந்தத் தொகைக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைக்கக் கேட்கலாம். கேட்டால் கம்பெனி அந்த வசதியைத் தர வேண்டும் என்பது 2018 அக்டோபர் முதல் அங்கே சட்டம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று விடுமுறைக்குக் கிளம்பும் முன் ரோமிங் விதியையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு இலவச ரோமிங் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒரு கம்பெனி ஒத்துவரவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே வெளியேறலாம். போனில் இருந்து PAC என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை மட்டும் அடித்து 65075-க்கு அனுப்பினால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு குறியீடு வந்துவிடும். 30 நாள் வரை செல்லும் அந்தக் குறியீட்டைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் அடுத்த வேலைநாளில் எண் மாறிவிடும். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிக் கெஞ்ச வேண்டியதில்லை. 2019 ஜூலையில் வந்த இந்த முறையால்தான் மலிவு சிம்மைத் துணிந்து வாங்கிப் பார்க்க முடிகிறது.

இறங்கும் நாளுக்கு விமான நிலையக் கடை வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்த விலை அது. ஹீத்ரோவில் இலவச வைஃபை உண்டு, வந்து சேர்ந்த செய்தியை அதில் அனுப்பிவிடலாம். போன் இ-சிம்மை ஏற்குமானால் கிளம்பும் முன்பே ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் இ-சிம்மை வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனி, ஊர் எண். பிரிட்டிஷ் சிம்மில் மாதம் இரண்டு பவுண்ட் மிச்சம் பிடிக்கும் கவனத்தில் பாதி இதற்குக் கொடுத்தால் போதும். வங்கி ஓடிபி, ஆதார், வருமான வரிக் கணக்கு எல்லாமே அந்த எண்ணில்தான் தொங்குகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும், சில மாதங்களில் வேறொருவர் கைக்கும் போகலாம். டேட்டா இல்லாமல் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் திட்டம் தர வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன்படி ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று 2025 ஜனவரியில் விலை வைத்தன. ஆண்டுக்கு ஒருமுறை இப்படி ஒரு ரீசார்ஜ் செய்தால் எண் உயிரோடு இருக்கும்.

கிளம்பும் முன் சர்வதேச ரோமிங் வசதியைத் திறந்துவிட வேண்டும். அது திறந்திருந்தால் வெளிநாட்டில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. அழைப்பை எடுத்தால்தான் கட்டணம். விமானத்தில் ஏறும் முன் போன் செட்டிங்கில் இந்திய சிம்முக்கு ‘டேட்டா ரோமிங்’ அணைந்திருக்கிறதா, டேட்டா பிரிட்டிஷ் சிம்மில் ஓடும்படி அமைந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். இந்திய சிம்மை அட்டையாகவே வைத்துக்கொள்ளுங்கள், பிரிட்டிஷ் சிம் இ-சிம்மாக இருக்கட்டும். அங்கே போன் உடைந்தால் அட்டையைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளலாம். இந்திய இ-சிம் என்றால் அதை அங்கிருந்து மீட்பது பெரும்பாடு.

எண் யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். அப்பா பெயரில் இருந்தால், அட்டை தொலைந்தாலும் அவரே இங்கே கடைக்குப் போய் மாற்று சிம் வாங்கிவிடலாம். பிள்ளை பெயரில் இருந்தால் ஆளை நேரில் வரச் சொல்வார்கள். மாற்று சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. கல்விக் கட்டணத் தவணை கட்டும் நாளில் இது நடந்தால் திண்டாட்டம்தான்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு தொடங்கிவிட்டால் பிரிட்டிஷ் எண்ணிலேயே யுபிஐ பயன்படுத்தலாம். 2023 ஜனவரியில் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அனுமதித்த பத்து நாடுகளில் பிரிட்டனும் ஒன்று. அதுவரை ஊர் எண்ணின் ரீசார்ஜ் தேதியை அப்பா, அம்மா இருவரில் ஒருவர் தன் போனில் நினைவூட்டலாகப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.