முதல் நாள் தெரபி: வீட்டார் சொல்வது பாதி மதிப்பீடு

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை, பத்து மாதமாகியும் உட்காரவில்லை என்று குழந்தையைத் தெரபிஸ்டிடம் அழைத்து வரும் பெற்றோர், அன்றைக்கே பயிற்சி தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதல் நாளோ கேள்வியிலும் விளையாட்டிலுமே போய்விடும். அது வீணான நாள் அல்ல. எந்தப் பயிற்சி, எதிலிருந்து என்பது அன்றுதான் முடிவாகிறது.

விளையாட்டில் கவனிப்பது என்ன?

பாயில் விட்ட குழந்தை எப்படி எழுந்து உட்காருகிறது, இரண்டு கையையும் ஒரேபோல் பயன்படுத்துகிறதா, சிறு பொருளை விரல் நுனியால் எடுக்கிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, பொம்மைக்குச் சோறூட்டி விளையாடுகிறதா என்றெல்லாம் தெரபிஸ்ட் பார்க்கிறார். பேச்சு தாமதமானால் காது கேட்கும் திறனையும் சோதிக்க வேண்டும். சத்தத்துக்குத் திரும்புகிற குழந்தைக்கும் ஓரளவு கேட்புக் குறை இருக்கலாம்.

எதற்கு இத்தனை கேள்விகள்?

புது இடம், புது முகம், தூக்கக் கலக்கம், பசி. இவற்றால் வீட்டில் செய்வதில் பாதியைக்கூடக் குழந்தை அங்கே செய்யாமல் போகலாம். அந்தக் குறையை வீட்டாரால்தான் நிரப்ப முடியும். கர்ப்பகாலம், பிரசவம், பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை, வலிப்பு உண்டா, தலை நின்றது எப்போது என்று கேட்பார்கள்.

"நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்றால் "ஆமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "காலைச் சாப்பாடு எப்படிப் போகும், சொல்லுங்கள்" என்றால், மெல்லத் தெரியாமல் எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் கொடுப்பது வெளியே வரும். குளியல், தூக்கம், வெளியே போவது என ஒவ்வொன்றையும் இப்படிக் கேட்பதே நல்ல நேர்காணல். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால் அவரும் வரட்டும்.

குறைமாதக் குழந்தைக்கு வேறு கணக்கு

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது பத்து மாதம் என்றால், அதன் வளர்ச்சியை எட்டு மாதக் குழந்தையின் வளர்ச்சியோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பது வழக்கம். அதனால் எத்தனையாவது வாரத்தில் பிறந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

வடிகட்டுவது வேறு, உறுதி செய்வது வேறு

16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிசத்துக்கான அறிகுறிகளை வடிகட்டிப் பார்க்கும் 'எம்-சாட்' படிவத்தில் 20 கேள்விகள் உண்டு. அதில் கூடுதல் மதிப்பெண் வந்தாலே ஆட்டிசம் என்று பொருளல்ல. மேலும் ஆராய வேண்டும் என்பதே பொருள். அதேபோல், "இவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்ற சமாதானத்தில் மாதங்களைக் கடத்தவும் கூடாது.

தாய்மேல் பழி வேண்டாம்

கர்ப்பகாலத்தைப் பற்றிக் கேட்கும்போது பல தாய்மாருக்குக் கண் கலங்கிவிடுகிறது. வீட்டில் ஏற்கெனவே பழி சுமந்திருப்பார்கள். அந்தக் கேள்வி குற்றம் கண்டுபிடிக்க அல்ல. தேவைப்பட்டால், மற்றவர்கள் இல்லாதபோது தனியே பேச வேண்டும் என்று தாய் கேட்கலாம். குழந்தையின் காதுபட அதன் குறைகளை அடுக்குவதையும் தவிர்ப்போம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

• தடுப்பூசி அட்டை, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய பரிசோதனை முடிவுகள்
• வீட்டில் சாப்பிடும்போதும் விளையாடும்போதும் எடுத்த சிறு வீடியோக்கள்
• பிடித்த பொம்மையும் தின்பண்டமும்
• அங்கன்வாடி அல்லது பள்ளி ஆசிரியர் சொன்னவற்றின் குறிப்பு

எங்கே போகலாம்?

பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையங்கள் மதிப்பீட்டையும் பயிற்சியையும் இலவசமாக அளிக்கின்றன.

மதிப்பீடு முடிந்ததும், "இப்போது எங்கள் பிள்ளையால் என்ன முடிகிறது? அடுத்து எதை எட்ட வேண்டும்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தெரபிஸ்டோடு வாரத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் குழந்தை உங்களோடுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு நடைமுறைக்குப் பொருந்துகிற பயிற்சிதான் நாள்தோறும் நடக்கும், பலனும் தரும்.