பழைய அமெரிக்க விளிம்படிச் சுழல் துப்பாக்கிகள்

பழைய அமெரிக்க விளிம்படிச் சுழல் துப்பாக்கிகள் என்பவை, 1857ஆம் ஆண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஐக்கிய அமெரிக்காவில் செய்யப்பட்ட, விளிம்படித் தோட்டாவைப் பயன்படுத்தும் ரிவால்வர்களைக் குறிக்கும். பெரும்பாலானவை சட்டைப்பையில் அடங்கும் அளவினவாக இருந்தன. இன்று இவை பழம்பொருள் சேகரிப்பாளர்களாலும் தொழில் வரலாற்று ஆய்வாளர்களாலும் சேகரிக்கப்படுகின்றன.

இவற்றை அடையாளம் காண்பதில் இரு தவறுகள் பரவலாக நிகழ்கின்றன. ஒன்று, துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட தேதியை அது செய்யப்பட்ட தேதி எனக் கொள்வது. மற்றொன்று, அதில் பொறிக்கப்பட்ட பெயரைத் தயாரிப்பாளரின் பெயர் எனக் கொள்வது. 1855இல் வழங்கப்பட்டு 1869இல் முடிவடைந்த ஒரு காப்புரிமையின் வரலாற்றை அறிந்தால் இவ்விரு தவறுகளையும் பெருமளவு தவிர்க்கலாம்.

விளிம்படித் தோட்டா

தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, தூண்டு மருந்து ஆகிய மூன்றையும் ஓர் உலோக உறைக்குள் கொண்டது. விளிம்படித் தோட்டாவில் தூண்டு மருந்து, உறையின் அடியில் உள்ள மடிந்த விளிம்பின் உட்புறத்தில் இருக்கும். துப்பாக்கியின் சுத்தியல் அவ்விளிம்பை நசுக்கும்போது மருந்து பற்றி, குண்டு வெளியேறுகிறது. தூண்டு மருந்து உறையடியின் நடுவில் இருந்தால் அது நடுவடித் தோட்டா எனப்படும்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஃபுளோபேர் என்பவர் 1840களில் உருவாக்கிய சிறு தோட்டா இவ்வகைக்கு முன்னோடியாகும். சுத்தியலால் நசுங்க வேண்டியிருப்பதால் விளிம்படி உறையை மெல்லிய உலோகத்தால் செய்ய வேண்டும். எனவே அது மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. இக்காரணத்தால் பெரிய அளவுகளில் நடுவடித் தோட்டா இதன் இடத்தைப் பிடித்தது. எனினும் 1857இல் அறிமுகமான .22 ஷார்ட் இன்றும் தயாரிக்கப்படுகிறது. இங்கு .22 என்பது குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஏறத்தாழக் குறிக்கும்.

வைட் காப்புரிமை

அக்காலத்துச் சுழல் துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் உருளையின் முன்புறமாக ஒவ்வோர் அறையிலும் இட்டு, பின்புறத்தில் சிறு செம்பு மூடியைப் பொருத்த வேண்டும். தோட்டாவைப் பின்புறமாக இடுவதற்கு, உருளையின் அறைகள் முன்னிருந்து பின்வரை முழுவதும் துளைக்கப்பட்டிருக்க வேண்டும். இவ்வகை உருளையை உள்ளடக்கிய காப்புரிமை, 1855 ஏப்ரல் 3 அன்று ரோலின் வைட் என்பவருக்கு வழங்கப்பட்டது.

ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெசன் ஆகியோர் 1856 நவம்பரில் இவ்வுரிமையைத் தம் நிறுவனத்துக்கு மட்டுமெனப் பெற்றனர். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வைட்டுக்கு 25 சென்ட் வழங்கவும், காப்புரிமையை மீறுவோர் மீதான வழக்குகளை வைட் தம் செலவிலேயே நடத்தவும் ஒப்பந்தமாயிற்று. 1857இல் சாமுவேல் கோல்ட்டின் சுழல் துப்பாக்கிக் காப்புரிமை காலாவதியானவுடன், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் ஏழு அறைகள் கொண்ட .22 துப்பாக்கியைத் தயாரிக்கத் தொடங்கியது.

வைட் காப்புரிமையால் பிற நிறுவனங்கள் மூன்று வழிகளுள் ஒன்றை நாடின. சில நிறுவனங்கள் செம்பு மூடித் துப்பாக்கிகளையே தொடர்ந்து செய்தன. சில நிறுவனங்கள் காப்புரிமையை மீறி வழக்கில் சிக்கின. வேறு சில நிறுவனங்கள் மாற்று வடிவங்களைக் கண்டுபிடித்தன. முன்னோக்கி நகரும் குழாய்களை உருளையில் கொண்ட ஸ்லோகம் துப்பாக்கி இம்மாற்று வடிவங்களுள் ஒன்றாகும்.

காப்புரிமை 1869 ஏப்ரல் 3 அன்று முடிவடைந்தது. அதை நீட்டிக்க வைட் முயன்றார். அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870 ஜனவரியில் நிராகரித்தார். உள்நாட்டுப் போரின்போது இக்காப்புரிமை அரசுக்கு இடையூறாக இருந்தது என்ற படைக்கலத் துறையின் கருத்து இதற்கு அடிப்படையாக இருந்தது.

முக்கிய வகைகள்

ஸ்மித் அண்ட் வெசன் முதலாம் மாதிரி (மாடல் 1): 1857 முதல் 1882 வரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. இதன் குழல் மேல்நோக்கி மடியும்; உருளையைக் கழற்றித் தோட்டாக்களை இட வேண்டும். இதன் மூன்று வெளியீடுகளைப் பின்வருமாறு வேறுபடுத்தலாம்:

- முதல் வெளியீடு (1857-1860): சட்டகத்தின் பக்கங்கள் வளைந்தவை, பக்கத் தகடு சிறிய வட்ட வடிவினது. சுமார் 11,700 மட்டுமே செய்யப்பட்டதால் அரியது.
- இரண்டாம் வெளியீடு (1860-1868): சட்டகத்தின் பக்கங்கள் தட்டையானவை, பக்கத் தகடு பெரியது, ஒழுங்கற்ற வடிவினது.
- மூன்றாம் வெளியீடு (1868-1882): உருளையில் நீள்பள்ளங்கள் உண்டு, குழல் உருண்டையானது, கைப்பிடி பறவைத் தலை போல் வளைந்தது.

ஸ்மித் அண்ட் வெசன் இரண்டாம் மாதிரி (மாடல் 2): .32 அளவும் ஆறு அறைகளும் கொண்டது. 1861 முதல் 1874 வரை சுமார் 77,000 செய்யப்பட்டன. உள்நாட்டுப் போரில் வீரர்கள் பலர் இதைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினர்.

கோல்ட் துப்பாக்கிகள்: காப்புரிமை முடிந்தபின் கோல்ட் நிறுவனம் 1871இல் ஏழு அறைகள் கொண்ட .22 துப்பாக்கியையும், நான்கிதழ் இலை போன்ற உருளை கொண்ட .41 துப்பாக்கியையும் வெளியிட்டது.

மலிவு விலைத் துப்பாக்கிகள்: 1870களில் கனெக்டிகட் மாநிலத்தின் நார்விச், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் முதலிய நகரங்களில் ஏராளமான மலிவுத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன், ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வொர்த், ஐவர் ஜான்சன் ஆகியவை இவற்றைச் செய்த நிறுவனங்களுள் சில. இவற்றின் விசைக்குக் காப்பு வளையம் இராது. சட்டகத்தின் ஒரு புடைப்பிலிருந்து முள் போல் விசை நீண்டிருக்கும். 20ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் இவற்றுக்கு இட்ட கேலிப்பெயர் 'சூசைடு ஸ்பெஷல்' என்பதாகும். தரம் குறைந்தவை எனினும், விலையுயர்ந்த துப்பாக்கியை வாங்க இயலாத சாதாரண மக்கள் எவற்றை வாங்கினர் என்பதற்கு இவை சான்றாகும்.

அடையாளம் காணல்

தேதி

காப்புரிமை பெற்ற பொருளில் காப்புரிமைத் தேதியைப் பொறிக்க வேண்டும் என 1842ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விதித்தது. எனவே துப்பாக்கிகளில் காணப்படும் தேதி பெரும்பாலும் காப்புரிமைத் தேதியே ஆகும். எடுத்துக்காட்டாக, முதலாம் மாதிரியின் இரண்டாம் வெளியீட்டு உருளையில் 1855 ஏப்ரல் 3, 1859 ஜூலை 5, 1860 டிசம்பர் 18 ஆகிய மூன்று தேதிகள் காணப்படுகின்றன. அது 1855இல் செய்யப்பட்டதன்று. பல தேதிகள் இருப்பின், இறுதித் தேதிக்கு முன் அத்துப்பாக்கி செய்யப்பட்டிருக்க இயலாது என்பதையே அவை உணர்த்துகின்றன. அத்தேதியில் வழங்கப்பட்ட காப்புரிமையைத் தேடினால் கண்டுபிடிப்பாளரின் பெயரும், பல வேளைகளில் தயாரிப்பாளரும் தெரியவரும்.

பெயர்

மலிவுத் துப்பாக்கிகளில் 'டிஃபெண்டர்', 'புளூ ஜாக்கெட்', 'ரெட் ஜாக்கெட்', 'டிராம்ப்ஸ் டெரர்' போன்ற வணிகப் பெயர்கள் மட்டுமே இருக்கும். மொத்த வணிகர்கள் கேட்ட பெயர்களை ஆலைகள் பொறித்துக் கொடுத்தன. ஓர் ஆலை பல பெயர்களைப் பயன்படுத்தியது. ஒரே பெயரை வெவ்வேறு ஆலைகள் பயன்படுத்தியதும் உண்டு. எனவே சட்டகத்தின் வடிவம், உருளை அச்சைப் பிடிக்கும் முறை, உருளையை நிறுத்தும் பள்ளங்களின் இடம் ஆகியவற்றை ஒப்பிட்டே தயாரிப்பாளரைக் கண்டறிய வேண்டும்.

உயர்தரத் துப்பாக்கிகளிலும் இச்சிக்கல் உண்டு. மூர், பாண்ட், வார்னர் ஆகியோர் செய்த சில துப்பாக்கிகளில் 'ஸ்மித் அண்ட் வெசனுக்காகச் செய்யப்பட்டது' என்ற பொருளுடைய வாசகம் காணப்படுகிறது. ஸ்மித் அண்ட் வெசன் அவற்றைச் செய்யவில்லை. காப்புரிமை வழக்குகளின் விளைவாகவே அவ்வாசகம் பொறிக்கப்பட்டது.

எண்

ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கிகளின் தொடர் எண் கைப்பிடியின் அடியில் இருக்கும். பாகங்களைப் பொருத்துவதற்கான குறிகள் குழல், உருளை, மரப்பிடியால் மறைக்கப்பட்ட சட்டகப் பகுதி ஆகியவற்றில் இருக்கும். இவை ஒத்திருந்தால் பாகங்கள் மாற்றப்படவில்லை எனக் கொள்ளலாம். மலிவுத் துப்பாக்கிகளின் எண்களைக் கொண்டு ஆண்டை உறுதி செய்வது பெரும்பாலும் இயலாது.

நிலையும் பராமரிப்பும்

மதிப்பை முடிவு செய்வதில் அரிய தன்மையைப் போலவே மூல மேற்பூச்சும் முக்கியமானது. நிக்கல் பூச்சின் அடியில் துருப்பிடித்த குழிகள் தெரிந்தாலோ, எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தாலோ அது பின்னாளில் பூசப்பட்டதாக இருக்கலாம். மெருகேற்றுவதால் பூச்சோடு எழுத்துகளும் அழிகின்றன. அடையாளம் காண உதவும் சான்று அவ்வெழுத்துகளே என்பதால், ஒருமுறை இழந்தால் அதை மீட்க இயலாது. இலேசான எண்ணெயும் மென்மையான துணியும் கொண்டு துடைப்பதே போதுமானது.

பாதுகாப்பு

எந்தத் துப்பாக்கியையும் கையில் எடுத்தவுடன் அதில் தோட்டா உள்ளதா எனப் பார்ப்பது முதல் விதியாகும். இவற்றுள் பலவற்றில் சுத்தியல் தோட்டாவின் விளிம்பின் மீதே படிந்திருக்கும் என்பதால், கீழே விழுந்தாலும் வெடிக்கக்கூடும். .22 தோட்டா இன்றும் கிடைப்பது ஒரு தனி ஆபத்தாகும். இத்துப்பாக்கிகள் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இக்காலப் புகையற்ற மருந்தின் அழுத்தத்தை இவற்றின் உருளையும் சட்டகமும் தாங்கும் எனக் கொள்ள இயலாது. எனவே இவற்றைச் சுடாமல் காட்சிப் பொருளாக மட்டும் வைத்திருப்பதே நன்று.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருள்களாக வகைப்படுத்துகிறது. மாநிலச் சட்டங்கள் இதிலிருந்து வேறுபடலாம். சில மலிவுத் துப்பாக்கிகளின் தயாரிப்பு 1898க்குப் பின்னரும் தொடர்ந்தது. அவற்றைப் பொறுத்தவரை, தயாரிப்பு ஆண்டைச் சரியாக அறிவது விலைக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் தேவையானதாகும். துப்பாக்கியில் உள்ள காப்புரிமைத் தேதி இதற்குச் சான்றாகாது.