பழைய கார் எஞ்சின்: முதலில் கிராங்க், பிறகுதான் பேரிங்

தாத்தா ஓட்டிய காரைத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, புக்கிட் காத்தில் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வராது? சாயத்திலும் இருக்கையிலும் நேரும் தவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். மெயின் பேரிங்கில் தவறினால், செலவு செய்து கட்டிய எஞ்சினை மறுபடியும் பிரிக்க வேண்டும். சில வேளைகளில் கிராங்க் ஷாஃப்ட்டே முறிந்துவிடும்.

பிஸ்டனின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட். எஞ்சின் பிளாக்கில் அது தாங்கி நின்று சுழலும் இடங்கள் மெயின் பேரிங்குகள். ஃபோர்ட் மாடல் டி, மாடல் ஏ, 1952க்குப் பிந்திய மோரிஸ் மைனர் ஆகிய மூன்றிலும் மெயின் பேரிங்குகள் மூன்றே. ஆனால் வேலை ஒன்றல்ல. மோரிஸில் தேய்ந்த ஷெல்லைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். பழைய ஃபோர்டில் உலோகத்தை உருக்கி பிளாக்கிலேயே ஊற்றியிருப்பார்கள்.

அந்த உலோகத்தின் பெயர் பேபிட். 1839இல் அமெரிக்கரான ஐசக் பேபிட் காப்புரிமை பெற்றது. நல்ல ரகத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 பங்கு ஈயம். காரீயம் அல்ல, நம் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த அதே வெள்ளீயம். மீதி ஆன்டிமனியும் செம்பும். ஃபோர்ட் மலாயா நிறுவனம் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட 1926இல், உலகில் அதிக ஈயம் தோண்டியது மலாயாதான். ஊற்றும் கரண்டியிலோ பிளாக்கிலோ ஈரம் இருந்தால் உருகிய உலோகம் வெடித்துத் தெறிக்கும். நம் நாட்டு மழைக்காலத்தில் இதை மறக்கக் கூடாது.

எதை முதலில் செய்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முதலில் கிராங்கில் விரிசல் உண்டா என்று சோதிக்க வேண்டும். பிறகு, தேய்ந்து முட்டை வடிவமாகிப்போன அதன் கழுத்துகளைச் சாணை இயந்திரத்தில் கொடுத்து உருண்டையாக்க வேண்டும். கிடைத்த அளவைக் குறித்துக்கொண்ட பிறகே பேரிங்கைத் துளைக்க வேண்டும். கையேட்டு அளவை நம்பிப் பேரிங்கை முன்கூட்டியே துளைத்துவிட்டு, பின்னர் கிராங்கைச் சாணை பிடித்தால் இடைவெளி பெரிதாகிவிடும். மறுபடி ஊற்ற வேண்டியதுதான்.

துளைப்பதும் தனித்தனியாக அல்ல. கேப் எனும் மூடிகளை முறையாக இறுக்கி, மூன்று பேரிங்குகளுக்குள்ளும் ஒரே நீண்ட தண்டைச் செலுத்தி ஒரே கோட்டில் கடைய வேண்டும். இதற்கு லைன் போரிங் என்று பெயர். கோடு சற்றே கோணினாலும், ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க் வளைந்து நிமிரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போல ஒருநாள் முறியும். கோடு நேராக இருந்தும், கேம் ஷாஃப்ட்டுக்கு நெருங்கியோ விலகியோ போய்விட்டால் பற்சக்கரங்கள் அலறும். மாடல் ஏ காரில் கேப்புக்கு அடியில் மெல்லிய தகடுகள் உண்டு. அவற்றை வைத்தபடியே கடைந்தால், பேரிங் தேயும்போது ஒவ்வொன்றாக உருவி இறுக்கலாம்.

இடைவெளிக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. கிராங்க் கழுத்தின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.025 மில்லிமீட்டர். தலைமுடி இதைவிடத் தடிமன். இறுக்கமானால் எண்ணெய் நுழையாது. சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே பேபிட் இளகத் தொடங்கும். தளர்ந்தால் எஞ்சின் அடியில் தட்டும் ஓசை கேட்கும்.

மோரிஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. சாணை பிடித்த அளவுக்கேற்ப, அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு குறைந்த அளவுகளில் ஷெல்கள் உண்டு. ஆனால் பழைய மெக்கானிக் யாராவது, தேய்ந்த பேரிங்கை இறுக்குவதற்காகக் கேப்பை அரத்தால் ராவியிருந்தால் துளை வட்டமாக இருக்காது. அதில் புது ஷெல் போட்டும் பயனில்லை. இதற்கும் லைன் போரிங்தான் வழி. ஷெல் வாங்கும் முன், கேப்பின் ஓரத்தில் அரத்தின் கீறல் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.